கரைத்தளம் போடும் முறை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை நெடுஞ்சாலையை ஒட்டிய பண்ணை வீடுகளிலும், வானூர், கோட்டக்குப்பம், மரக்காணம் பக்கத்துக் கடலோர வீடுகளிலும் நீச்சல் குளம் இன்று அரிதான பொருள் அல்ல. குளத்தின் தொட்டிக்குக் காட்டும் அக்கறையை அதைச் சுற்றியுள்ள தளத்துக்குப் பலர் காட்டுவதில்லை. கொத்தனார் முற்றத்துக்குப் போடும் தளத்தையே இங்கும் போட்டுவிட்டுப் போகிறார். முற்றத்துக்கும் குளக்கரைக்கும் வேலை வேறு. கரைத்தளம் தெறிக்கும் நீரையும் மழைநீரையும் குளத்துக்குள் திரும்ப விடாமல் வெளியே அனுப்ப வேண்டும். ஈரமான வெறுங்காலை வழுக்க விடக் கூடாது. மே மாத நண்பகலில் சுடவும் கூடாது. குளத்தின் சுவர் ஒரு பக்கமும் தளம் ஒரு பக்கமும் அசையும்போது ஒன்றை ஒன்று உடைக்கவும் கூடாது. இவற்றில் பெரும்பகுதி கான்கிரீட் வருவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

முதலில் மேற்பரப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தில் கல்லுக்குக் குறைவில்லை. குன்னம் கறுப்புக் கல் வெளிநாடு வரை போகிற சரக்கு. ஆனால் பாலிஷ் செய்த கறுப்புக் கல் குளக்கரைக்கு ஏற்றதல்ல: வெயிலை வாங்கிச் சுடும், நனைந்தால் வழுக்கும். கடப்பாக் கல்லுக்கும் இதே குறை உண்டு. கான்கிரீட்டிலேயே மூன்று வகை வழக்கத்தில் உள்ளன. அச்சுப் பதித்து நிறமேற்றும் ஸ்டாம்ப்டு கான்கிரீட் படத்தில் அழகாக இருக்கும். மேலே பூசும் பளபளப்புப் பூச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும், அந்தப் பூச்சே வழுக்கலுக்கும் காரணம். மேல் சாந்தைக் கழுவிக் கூழாங்கல்லை வெளிக்காட்டும் முறை வழுக்காது. வெறுங்காலுக்குக் குத்தும், குழந்தைகள் ஓடும் வீட்டுக்கு வேண்டாம். மூன்றாவது, துடைப்பத்தால் வரியிட்ட சாதாரணச் சாம்பல் நிறக் கான்கிரீட். விலை குறைவு, நிறம் வெளிர், காலுக்குப் பிடிப்பு. இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பின்தொடர்கிறது.

கணக்குக்கு ஓர் அளவு வேண்டும். விளிம்புக் கல்லின் வெளி ஓரம் வரை 6.6 மீட்டர் நீளமும் 3.6 மீட்டர் அகலமும் உள்ள குளம் என்று கொள்வோம். ஒரு நீளப் பக்கத்தில் நாற்காலி போட இடம் வேண்டும் என்பதால் தளம் அங்கே 2.4 மீட்டர், மற்ற மூன்று பக்கங்களிலும் 1.2 மீட்டர். வெளி அளவு 9 மீட்டருக்கு 7.2 மீட்டர் வரும். குளத்தைக் கழித்தால் தளத்தின் பரப்பு சுமார் 41 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 440 சதுர அடி. கனம் 100 மில்லிமீட்டர். கான்கிரீட் 4.1 கன மீட்டர், சேதாரத்தோடு 4.3.

வேலைக்கு உகந்த காலம் பொங்கலுக்குப் பிந்தைய வாரங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், மண் ஈரப்பதத்தோடு இருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. 40 டிகிரிக்கு மேல் வெப்பம் போனால் கான்கிரீட் போடுவதற்கு இந்தியத் தர நிறுவனம் தனி விதித்தொகுப்பே வைத்திருக்கிறது; கத்தரி வெயிலில் அதைக் கையாள்வதைவிடத் தை மாதத்தில் போடுவது எளிது.

இனி மண். தொட்டி கட்டுவதற்காகச் சுவரைச் சுற்றி ஆள் நின்று வேலை செய்ய இடம் விட்டுத் தோண்டியிருப்பார்கள். கட்டி முடித்ததும் அந்தப் பள்ளத்தில் எடுத்த மண்ணையே கொட்டி மூடுவது வழக்கம். கரைத்தளங்களில் குளத்தை ஒட்டியே ஓடும் நீளமான விரிசல்களுக்கு முதல் காரணம் இதுதான்: தளத்தின் வெளிப்பாதி கெட்டி மண்ணில் நிற்கிறது, உட்பாதி அமுங்கும் மண்ணில் நிற்கிறது. ஆகவே மூடும் முன் குளத்தை நிரப்பிக் கசிவு பார்க்க வேண்டும். படிக்கட்டில் ஒரு வாளியை வைத்து, அதிலும் குளத்து மட்டத்துக்கே நீர் ஊற்றி, இரண்டிலும் கோடு போட்டு ஒரு வாரம் விட வேண்டும். வாளியில் இறங்கும் அளவு ஆவியாதல்; குளத்தில் அதைவிட அதிகமாக இறங்கினால் மீதி கசிவு. கசிவு இல்லை என்று தெரிந்த பிறகே பள்ளம் மூடப்படும்.

மூடுவதற்குக் களிமண் உதவாது. கரிசலும் களியும் கலந்த நிலமாக இருந்தால், தளம் வரும் பரப்பு முழுவதையும் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி அகற்றிவிட வேண்டும். அந்த மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். எந்தக் கம்பியும் அதைத் தாங்காது. வானூர்ப் பக்கத்துச் செம்மண் நிலங்களில் இந்தச் சிக்கல் குறைவு. நிரப்புவதற்குச் செம்மண் கிராவலை 15 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து, ஒரு நாள் ஊறவிட்டு, இடிக்க வேண்டும். சுவரை ஒட்டிய ஓரடி அகலத்துக்குத் திமிசுக் கட்டை. வெளியே தட்டு அதிர்வு இயந்திரம். இயந்திரத்தைச் சுவரோரம் கொண்டுபோனால் சுவருக்கே ஆபத்து. இடிக்கும்போது குளம் நிரம்பியிருப்பது நல்லது, உள்ளிருக்கும் நீர் சுவருக்கு முட்டுக் கொடுக்கும். குதிகால் அழுத்தியும் தடம் விழாத அடுக்கின் மேல்தான் அடுத்த அடுக்கு.

கிராவலின் மேல் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றரை ஜல்லி பரப்பி, இடுக்குகளில் கிரஷர் தூள் இட்டு நிரப்பி, இறுக்க வேண்டும். இந்த ஜல்லி பெரும்பாலும் திருவக்கரை, வானூர் வட்டாரக் கல்குவாரிகளிலிருந்து வருகிறது. ஜல்லிப் படுகையின் பயன் இரண்டு: சுமையைப் பரப்புவது, கீழிருந்து ஏறும் ஈரத்தைக் குறைப்பது.

படுகை இறுகியதும் மட்டம் பிடிக்க வேண்டும். டியூப் லெவலால் விளிம்புக் கல்லின் மேல்மட்டத்தை நான்கு மூலைகளிலும் சரிபார்த்து, அதை வெளி ஓரத்து முளைகளுக்கு மாற்ற வேண்டும். தளத்தின் உள் ஓரம் விளிம்புக் கல்லைவிட 6 மில்லிமீட்டர் கீழே நிற்கும். அங்கிருந்து மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம் வெளிநோக்கி. 1.2 மீட்டர் பக்கங்களில் இறக்கம் 2.4 சென்டிமீட்டர், 2.4 மீட்டர் பக்கத்தில் 4.8. இதைவிடக் குறைந்தால் நீர் தேங்கிப் பாசி பிடிக்கும். கூடினால் நாற்காலி ஆடும்.

அகலமும் குறுகலும் சந்திக்கும் இரண்டு மூலைகளில் ஒரு புதிர் இருப்பதுபோல் தோன்றும். ஒரு பக்கம் 2.4 இறங்கி நிற்கிறது, மறுபக்கம் 4.8. மூலைப் பகுதி 1.2 மீட்டருக்கு 2.4 மீட்டர். அதை 1.2 மீட்டர் சதுரங்கள் இரண்டாகப் பிரித்தால் புதிர் அவிழ்ந்துவிடும். குளத்தை ஒட்டிய சதுரத்தில் மூலைக்கு மூலை ஓடும் கோடு ஒன்றே முகடு. அதன் இருபுறமும் இரண்டு வாட்டங்களும் பிரியும். அடுத்த சதுரம் ஒரே திசையில் சாயும் எளிய தளம், முந்தையதன் ஓரத்திலிருந்து 2.4 சென்டிமீட்டர் இறங்கி 4.8-இல் சரியாகப் போய்ச் சேரும். கொத்தனார் நூலைக் கட்டிப் பார்க்கும்போது இது பிசகில்லாமல் பொருந்துவதைக் காணலாம்.

வெளி ஓரம் நெடுக 15 சென்டிமீட்டர் அகலத்தில் வடிகால். தளம் குறுகலாக உள்ள நீளப் பக்கத்தின் நடுவில் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் தொடங்கி, இரு திசைகளிலும் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கிச் சுற்றிவந்து, அகலப் பக்கத்தின் இரண்டு வெளி மூலைகளில் முடியும். அங்கே இரண்டு 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய்கள். இது மிகை என்று நினைப்பவர் 2024 நவம்பர் இறுதியில் கரை கடந்த ஃபெஞ்சல் புயலை நினைவில் கொள்ளலாம். திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் அப்போது ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த அளவு மழையில் நம் 41 சதுர மீட்டர் தளத்தில் மட்டும் 20,000 லிட்டருக்கு மேல் விழும். வடிகால் குழாயைத் தோட்டத்துக்கோ தெருக் கால்வாய்க்கோ விட வேண்டும். மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாகிவிட்டதால் வீட்டில் சேகரிப்புக் குழி இருக்கும்; அதில் இந்தக் குழாயை இணைக்கக் கூடாது, குளத்தின் குளோரின் நீரும் இதே வழியில்தான் வெளியேறுகிறது.

அடுத்து ஓரப் பலகைகள். 100 மில்லிமீட்டர் உயரமுள்ள இரும்புச் சட்டமே மேல். மரப்பலகை நீரில் நெளியும். தளத்தின் குறுக்கே போகும் வடிகட்டிக் குழாய், விளக்குக் குழாய் எல்லாவற்றையும் இப்போதே ஜல்லிப் படுகைக்குள் இறக்கிவிட வேண்டும். தளத்தின் கனத்துக்குள் குழாய் ஓடினால் விரிசல் அதன் மேலேயே வரும்.

குளத்தின் விளிம்புக்கும் தளத்துக்கும் நடுவில் 12 மில்லிமீட்டர் இடைவெளி விடுவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. நீர் நிரம்பிய தொட்டியும் வெயிலில் காயும் தளமும் ஒரே அளவில் விரிவதில்லை. கான்கிரீட் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.01 மில்லிமீட்டர் அளவில் நீளும். 25 டிகிரி வேறுபாட்டில் 9 மீட்டர் தளம் 2 மில்லிமீட்டருக்கு மேல் அசையும். இறுக ஒட்டியிருந்தால் அந்த அசைவு விளிம்புக் கல்லைப் பெயர்க்கும். 12 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட்டைத் தளத்தின் முழுக் கனத்துக்கும் விளிம்பைச் சுற்றி ஒட்டி நிறுத்த வேண்டும். வீட்டுச் சுவர், தூண், படிக்கட்டு எதைத் தளம் தொட்டாலும் அங்கேயும் இதே ஷீட்.

கம்பி 8 மில்லிமீட்டர், இரு திசையிலும் 200 மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு சதுர மீட்டருக்கு 10 மீட்டர் கம்பி; விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுக்கும் பழைய வாய்பாட்டின்படி மீட்டருக்கு 0.395 கிலோ. 41 சதுர மீட்டருக்கு 162 கிலோ. ஒட்டுக்கும் கழிவுக்கும் சேர்த்து 175 கிலோ வாங்கினால் போதும். கம்பி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதே முக்கியம். 40 மில்லிமீட்டர் கவர் பிளாக் மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு 8 மில்லிமீட்டர் கம்பிகள் ஏறினால் 56. மேலே 44 மில்லிமீட்டர் கான்கிரீட். உப்புக் காற்று படும் கடலோரத்துக்குத் தர நிறுவனம் கேட்கும் 45-ஐ இது கிட்டத்தட்ட எட்டிவிடுகிறது. கம்பியைத் தரையில் போட்டுவிட்டு, ஊற்றும்போது கொக்கியால் தூக்கிக்கொள்ளலாம் என்பது பரவலான வழக்கம். தூக்கியவர் கொக்கியை எடுத்ததும் கம்பி மறுபடி கீழே போய்விடும். ஓரங்களில் கம்பி 50 மில்லிமீட்டர் உள்ளேயே நிற்க வேண்டும், ஃபோம் இடைவெளியை எந்தக் கம்பியும் தாண்டக் கூடாது.

கான்கிரீட் மூடும் முன் மின்பணியாளர் ஒருமுறை வர வேண்டும். தளத்தின் கம்பி வலை, ஏணி, கைப்பிடி, விளக்கின் உலோகப் பகுதி எல்லாம் தாமிரக் கம்பியால் ஒன்றாக இணைக்கப்பட்டு ஒரே எர்த்துக்குப் போக வேண்டும். ஈரக் காலோடு நிற்பவர் தொடும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே மின்னழுத்த வேறுபாடு இருக்கக் கூடாது என்பதே நோக்கம். பன்னாட்டு மின் விதிகள் குளத்தின் விளிம்பிலிருந்து 2 மீட்டரையும், அதைத் தாண்டி மேலும் 1.5 மீட்டரையும் தனித்தனி மண்டலங்களாக வகுக்கின்றன. நம் தளம் முழுவதுமே அந்த 3.5 மீட்டருக்குள் அடங்கிவிடுவதால், சாதாரண பிளக் பாயின்ட்டுக்கு அதில் எங்கும் இடமில்லை.

கலவைக்கு வருவோம். கடலோரமல்லாத இடங்களில் எம்25 தரக் கான்கிரீட்; மரக்காணம், கோட்டக்குப்பம் போன்ற கடலோரத்தில் எம்30. ஐ.எஸ். 456 விதித்தொகுப்பின்படி, சிமெண்டின் எடைக்கு நீர் முன்னதில் 0.50-ஐயும் பின்னதில் 0.45-ஐயும் தாண்டக் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு முறையே 25 லிட்டர், 22.5 லிட்டர், மணலில் உள்ள ஈரமும் இந்தக் கணக்கில் அடக்கம். கலவை இறுக்கமாகத் தோன்றினால் சித்தாள் ஒரு குடம் ஊற்றிவிடுவார். அந்தக் குடமே தளத்தின் மேற்பரப்பைப் பிறகு தூளாக உதிர்க்கும். இளக்கம் வேண்டுமென்றால் பிளாஸ்டிசைசர் சேர்க்கலாம். நீர் நன்னீராக இருக்க வேண்டும்: கம்பியுள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது. உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணத்தில் ஆழ்குழாய் நீரைச் சோதிக்காமல் எடுப்பது கம்பிக்குத் துருவை விலை கொடுத்து வாங்குவதாகும். லாரி நீர் அங்கே செலவல்ல, சிக்கனம். மணலாக எம்-சாண்ட், அதில் 75 மைக்ரானுக்குக் குறைந்த தூள் 15 விழுக்காடு வரை அனுமதி உண்டு. ஜல்லி முக்கால் இஞ்ச்.

4.3 கன மீட்டருக்கு எம்25 என்றால் சுமார் 30 மூட்டை சிமெண்ட். ரெடிமிக்ஸ் லாரி ஒன்றே இதைக் கொண்டுவந்துவிடும். இருந்தும் இந்த வேலைக்குத் தளத்திலேயே மில்லர் என்னும் கலவை இயந்திரம் வைத்துக் கலப்பது எனக்கு மேலாகப் படுகிறது. லாரி முழுவதையும் ஒரே மூச்சில் இறக்கும். வரியிடும் கை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. மூட்டைக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு 6 நிமிடம் என்றால் 30 சுற்றும் மூன்று மணி நேரத்தில் முடியும். காலை 6 மணிக்குத் தொடங்கினால் 9 மணிக்குக் கடைசிச் சுற்று. மில்லரின் வேகமும் கொத்தனாரின் வேகமும் ஒத்துப்போகும். ஒவ்வொரு சுற்றும் குறைந்தது 2 நிமிடம் சுழல வேண்டும்.

முந்தைய மாலையே ஜல்லிப் படுகையை நன்றாக நனைத்திருக்க வேண்டும். காய்ந்த படுகை கலவையின் நீரை உறிஞ்சிவிடும். தூர மூலையில் தொடங்கி, கொட்டியதை மண்வெட்டியால் இழுத்துப் பரப்பாமல் இடத்துக்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஓரங்களில் ஊசி வைப்ரேட்டர், நடுவில் ஓரச் சட்டங்களின் மேல் இழுக்கும் மட்டப்பலகை. பலகையை அறுப்பதுபோல் இருபுறமும் அசைத்து முன்னே நகர்த்தினால் வாட்டம் தானே அமையும். உடனே மணியாஸ் கட்டையால் ஒருமுறை தேய்த்துவிட்டு, கையை எடுத்துவிட வேண்டும்.

இப்போது காத்திருக்கும் வேலை. மேலே கசியும் நீர் பளபளக்கும். அது தானாக மறையும் வரை தொடக் கூடாது. அவசரப்பட்டு அந்த ஈரத்தின் மேல் வறண்ட சிமெண்டைத் தூவித் தேய்ப்பது நம் ஊரில் ஊறிப்போன பழக்கம். தளம் அன்று கண்ணாடியாக இருக்கும்; ஓராண்டில் மேல்தோல் செதில் செதிலாக எழும். பளபளப்பு மங்கி, காலை வைத்தால் 5 மில்லிமீட்டருக்கு மேல் பதியாத நிலை வந்ததும் இரண்டாவது முறை மணியாஸ், ஓரங்களுக்கு வளைவுக் கரண்டி, பிறகு துடைப்பம். இரும்புக் கரண்டியால் வழுவழுப்பாக்கவே கூடாது.

வரியிடுவதற்கு நைலான் இழைத் துடைப்பம், 45 சென்டிமீட்டர் அகலம். குளத்து ஓரத்தில் வைத்து ஒரே இழுப்பில் வெளி ஓரம் வரை கொண்டுவர வேண்டும்; நடுவில் நிறுத்தினால் தடம் தெரியும். வரியின் ஆழம் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர். இந்தத் திசை இரண்டு காரியம் செய்கிறது: வரிகள் வாட்டத்தின் வழியே ஓடுவதால் நீர் அவற்றுக்குள் வடிந்து வெளியேறும், குளத்தை ஒட்டி நடப்பவரின் காலுக்கு அவை குறுக்கே அமைவதால் பிடிப்புக் கிடைக்கும். ஒவ்வோர் இழுப்புக்கும் பிறகு துடைப்பத்தை நீரில் அலசி உதற வேண்டும்.

சுருக்க வெட்டுகளைக் கான்கிரீட் வாளால் அன்று மாலைக்குள் போட்டுவிட வேண்டும். கான்கிரீட் காயும்போது சுருங்கியே தீரும். எங்கே பிளப்பது என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம். குளத்தின் நான்கு மூலைகளே பிளவு தொடங்கும் இடங்கள். எனவே முதல் வெட்டுகள் விளிம்புக் கல்லின் கோடுகளை அப்படியே வெளி ஓரம் வரை நீட்டியவை. பிறகு அகலப் பக்கம் 2.2 மீட்டர் துண்டுகள் மூன்று; எதிர்ப் பக்கம் 1.65 மீட்டர் துண்டுகள் நான்கு. குட்டைப் பக்கங்கள் ஒவ்வொன்றிலும் 1.2 மீட்டர் சதுரங்கள் மூன்று. மூலைகளில் மொத்தம் ஆறு சதுரங்கள். பத்தொன்பது துண்டுகளில் பன்னிரண்டு சரிசதுரம், மற்றவையும் நீளம் அகலத்தின் ஒன்றரை மடங்கைத் தாண்டாதவை. மூலைகளில் வாட்டம் பிரித்த அதே சதுரங்கள் இங்கும் வெட்டுக் கோடுகளாக வந்து அமர்கின்றன. வெட்டின் ஆழம் கனத்தில் கால் பங்கு, 25 மில்லிமீட்டர். மேலுள்ள 44 மில்லிமீட்டர் மூடலில் இது அடங்குவதால் வாள் கம்பியைத் தொடாது. கம்பியைப் பின்னும்போதே, வெட்டு வரும் கோடுகளில் ஒன்று விட்டு ஒரு கம்பியைத் துண்டித்திருக்க வேண்டும். வாள் ஜல்லியைப் பெயர்த்தால் ஒரு மணி நேரம் பொறுத்து மறுபடி முயல வேண்டும்.

நீராட்டுவதற்குப் பாத்தி கட்டுவது மட்டமான மாடித் தளத்துக்குச் சரி. வாட்டமுள்ள தளத்தில் நீர் ஒரு பக்கம் தேங்கி மறுபக்கம் காயும். பாத்திக் களிமண் வரிகளில் கறையாகவும் படியும். நனைத்த கோணிச் சாக்கை விரித்து, மேலே பாலித்தீன் தாள் போர்த்தி, ஓரங்களில் கல் வைப்பது மேல். சாதாரண சிமெண்டுக்கு 7 நாள், போசோலானா கலந்த பி.பி.சி. வகைக்கு 10 நாள் குறைந்த அளவு. 14 நாள் ஈரம் காத்தால் நல்லது. குளத்து நீரை இதற்கு எடுக்க வேண்டாம்.

28 நாள் கழித்து, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு, விளிம்பு இடைவெளியின் மேல்பகுதி ஃபோமைக் கத்தியால் அகற்றி, தூசியை ஊதி, பேக்கர் ராடை (நுரைக் கயிறு) அழுத்தி, அதன் மேல் 8 முதல் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பாலிசல்பைடு சீலன்ட் நிரப்ப வேண்டும். இருபுறமும் நாடா ஒட்டிக்கொண்டால் ஓரம் நேராக வரும். சீலன்ட் தள மட்டத்துக்கு 3 மில்லிமீட்டர் கீழே நிற்கட்டும். வெயிலில் தளம் விரியும்போது அது மேலே பிதுங்கிக் காலில் ஒட்டாது. பளபளப்புப் பூச்சு எதுவும் வேண்டாம். சிலேன்-சிலாக்சேன் வகை ஊடுருவும் திரவத்தை ஒரு கை தெளித்தால் துளைகளுக்குள் இறங்கி நீரைத் தடுக்கும், வரியின் பிடிப்பைக் கெடுக்காது.

நாற்காலிகளைப் போடும் முன் ஒரு சோதனை. தோட்டத்துக் குழாயை விளிம்புக் கல்லோரம் வைத்து ஐந்து நிமிடம் திறந்துவிட்டு மூடி, அரை மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தை மூழ்கடிக்கும் அளவுக்கு எங்காவது நீர் நின்றால், அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, வைரச் சக்கரத்தால் வாட்டத்தின் திசையிலேயே தேய்த்துச் சரிசெய்யலாம். சீலன்ட்டை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன், விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கல்லை விட்டு உரிந்திருந்தால் அந்தப் பகுதியை அறுத்தெடுத்துப் புதிதாக நிரப்ப வேண்டும்.